பனியில் இன்னொரு காலடி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

தெற்குத் தீவில் வசந்தம் வந்தும் மலைப்பாதையில் அங்கங்கே பனி கிடக்கிறது. ஞாயிறன்று நானும் நாய் ஜெட்டும் ஏறிவிட்டுத் திரும்பினோம். பனியில் எங்கள் தடத்தின் மேலேயே யாருடைய பூட்ஸ் தடமோ பதிந்திருந்தது. எனக்குத் திக்கென்றது. ஜெட் குரைக்காமல் வாலாட்டியதும், தெரிந்த ஆள்தானோ என்று சந்தேகம் வந்தது. பாறைக்குப் பின்னாலிருந்து எங்கள் பண்ணைச் சமையல்காரர் டுகால்ட் எழுந்தார்.

"என்ன, என் பின்னாடியே வர்றீங்க?"

"சும்மா காத்து வாங்கத்தான் வந்தேன், பிப்பி."

பிப்பி! ஏழு மாதமாக இங்கே யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அது நீங்கள் மட்டும் கூப்பிடும் பெயர். உண்மையைச் சொல்லுங்கள் அம்மா, அவரிடம் பேசினீர்களா? கோபமில்லை.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள், ஒன்று பெரிய அளவில். அவருடையது முழுக்க ஓட்டை.

தபால் வண்டி வந்துவிட்டது.

உங்கள் நைரி