விமானம் போன பிறகு

அண்ணை,

இன்று மத்தியானம் என் சோறு அரைவேக்காட்டில் நின்றுவிட்டது. லண்டன் டூட்டிங்கில் எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறந்தது. கை தானாகப் போய் அடுப்பை அணைத்துவிட்டது. வேகாத அரிசியின் அந்த மணத்தோடு உங்கள் நினைவும் வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் அடுத்தடுத்திருந்த எங்கள் இரண்டு வீட்டுக்கும் பதுங்க ஒரே பங்கர்தானே. குண்டு போட விமானம் வருகிறதென்றால் முதலில் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவோம், புகை காட்டிக் கொடுத்துவிடும் என்று. பிறகுதான் ஓட்டம். நீங்கள் மட்டும் சோற்றுப் பானையையும் தூக்கிக்கொண்டு வருவீர்கள். "செத்தாலும் வெறும் வயித்தோடை சாக ஏலாது" என்பீர்கள். அந்தப் பயத்திலும் சிரித்தோம்.

லண்டனுக்கு வந்தபின் உங்களுக்கு இரண்டாம் உலகப்போரின் தீவுச் சண்டைகளின் மேல் பைத்தியம். நூலகத்துப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தீர்கள். தேநீர்க்கடையில் ரோல்ஸ் தின்ற தட்டுத்தான் மால்டாத் தீவு, கரண்டிதான் குண்டு போடும் விமானம். "எவ்வளவு குண்டு! தீவு விழேல்லையே" என்பீர்கள். கிரீட் தீவை வானத்தால் வந்துதானே பிடித்தார்கள் என்று மடக்கினால், "ஓம். ஆனா பரசூட்டிலை குதிச்சவன் நிலத்திலை நிண்டுதான் பிடிச்சவன். பிளேன் இடிக்கும், எரிக்கும், கப்பலை மறிக்கும். ஒரு கிணத்தடியிலை காவல் நிக்க அதாலை ஏலாது" என்பீர்கள். எனக்குக் கோபம் வரும். எங்கள் ஊரை வெறுமையாக்கியதே அந்தச் சத்தம்தானே?

ஒருநாள் மோர்டனில் உங்கள் வீட்டில் சோறு வைத்தபடி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். விமானச் சத்தம் கேட்டது. பேச்சு நிற்கவில்லை, கை மட்டும் அடுப்பை அணைத்தது. "எத்தினை நாள் அரைவேக்காட்டுச் சோறு திண்டாச்சு" என்று அண்ணி சலித்துக்கொண்டார். விட்டேனா நான்?

"அண்ணை, பிளேனாலை நிலத்தைப் பிடிக்க ஏலாதெண்டு சொன்னியள். உங்கடை கையைப் பிடிச்சு வைச்சிருக்கே!"

உங்கள் முகம் வாடிவிட்டது. குண்டு போட்டவர்களால் எங்களை வெல்ல முடியவில்லை என்று நம்பத்தான் அத்தனை புத்தகமும் படித்தீர்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. விமானச் சத்தம் தேய்ந்தது. பிறகு அடுப்பை மூட்டினீர்கள்.

"அணைச்சனான்தான். பிறகு ஆர் மூட்டினது?"

நீங்கள் கண்மூடியபின் தேநீர்க்கடையில் என்னோடு வாதாட ஆளில்லை. தட்டு தட்டாகவும் கரண்டி கரண்டியாகவும் கிடக்கின்றன.

இன்று விமானம் போய்விட்டது, அண்ணை. அடுப்பை நான்தான் மூட்டினேன். சோறு வெந்துவிட்டது.