பொரியிட அண்ணன் வேண்டும்

பிஸ்கட்டவே
19 ஜூன் 1988

சிரஞ்சீவி மகாதேவனுக்கு,

பதினான்கு மாதம் பேசாமல் இருந்தது போதும். இங்கே மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். நீ எழுதி அம்மாவுக்கு அனுப்பிய புத்தகத்தை அவள் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாள், எடுத்துப் படித்தேன். ஊற்றுநீர் குடித்து நோய் தீர்க்க வெள்ளைக்காரர்கள் போன ஊரில், ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணுமாக ஒளிந்து வாழ்ந்தவர்களின் சரித்திரம். இதற்கா எஞ்சினீயரிங் படிக்க வைத்தேன் என்று தோன்றியது, மறைக்கப் போவதில்லை. இப்படிப்பட்டவர்களை ஆதரிக்கும் எதையும் உள்ளாட்சிகள் பரப்பக் கூடாது என்று அங்கே வந்திருக்கும் புதுச் சட்டத்தைச் சொல்லி உங்கள் ஊர் நூலகம் அதை வாங்க மறுத்ததாம். நான் இரண்டு முறை படித்தேன். அதில் ஒரு ராணுவ டாக்டரும் பியானோ வாத்தியாரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு முப்பது வருடம் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். டாக்டர் இறந்தபோது உறவுக்காரர்கள் வாத்தியாரைச் சர்ச்சுக்குள் விடவில்லை, எதிர்ச் சாரியில் மழையில் நின்றார். அந்த உறவுக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு நம் வீட்டுக் கல்யாணம் நினைவுக்கு வந்தது.

உன் தங்கை வசுமதிக்கு செப்டம்பர் நாலாம் தேதி பிளஷிங் கோவிலில் கல்யாணம். உனக்கு லீவ் கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். என் பதவி உயர்வைத் தட்டிக்கொண்டு போன வெங்கடகிருஷ்ணன், கூடப்பிறந்தவ கல்யாணத்துக்குக்கூடவா சார் லீவ் தர மாட்டான் என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார், அதையும் மறக்கவில்லை. பொரியிட டெக்சாஸிலிருந்து என் தம்பி மகனை வரச் சொன்னேன். வசுமதி, பொரி அண்ணாதான் என் கையில போடணும், கசின் போட்டா கைய நீட்ட மாட்டேன்ப்பா, அக்னி முன்னால சும்மா உட்கார்ந்திருப்பேன், பரவாயில்லையா என்றாள். அடுப்படியிலிருந்து உன் அம்மா, நன்னா கேளு என்றாள்.

ஆகவே வா. உன்னோடு வாழும் டேவிட்டும் வரட்டும், பந்தியில் உன் பக்கத்தில் உட்காரட்டும். அவன் யார் என்று நான் கதை கட்டப் போவதில்லை, நீயும் கட்டாதே. எனக்குச் சம்மதம் என்று எண்ணிவிடாதே. என் வீட்டு விசேஷத்தில் எவரும் எதிர்ச் சாரியில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். வேட்டி வாங்கி வைத்திருக்கிறேன், டிக்கெட்டை இப்போதே எடு. தீர்க்காயுசாக இரு.

போன வருடம், என் வீட்டுப் படி ஏறாதே என்று எழுதி அடியில் அப்பா என்று போட்டேன். அதே சொல்லை இங்கே போடக் கை வரவில்லை. போலீசுக்குப் பயந்து அந்த டாக்டர் வாத்தியாருக்கு எழுதிய கடிதங்கள் எதிலும் கையெழுத்திடவில்லை என்கிறாய். வாத்தியாருக்கு எழுத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். இதையும் அப்படியே தபாலில் சேர்க்கிறேன்.