கீழ்ப் பாதியை வெட்டினால்

மார்ச் 3
சென்ட்டில் குளித்துவிட்டு வரும் அந்த ஆள், சென்ட் பாட்டில், வந்து போனான். பேத்தியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாம். பாதி குடித்த காபிக் கோப்பைக்குள் மூக்கைத் துடைத்த காகிதத்தைப் போட்டுவிட்டு எழுந்தான். த்தூ! போன முறையும் இதே கூத்து. மறப்பேன் என்று நினைத்தானா?

மார்ச் 5
அப்படி என்னதான்டி பண்றே என்று பேத்தியைக் கேட்டேன்.

"எலெக்ட்ரான் எங்க இருக்குன்னு கேட்டா கணக்கு பதில் சொல்லும் பாட்டி. எப்ப வந்துச்சுன்னு கேட்டா முழிக்கும். நேரத்த அளந்து பாக்குற பொருளாவே அது எடுத்துக்காது. அதுக்கு நேரம்னா சும்மா சுவத்துல தொங்குற கடிகாரம்தான்."

ஆனால் மின்னல் வேகத்தில் போகும் பொருளுக்கு இடமும் நேரமும் கூடப் பிறந்தவர்களாம். ஒன்றை மட்டும் அளப்பது ஓரவஞ்சனையாம். எனக்கா தெரியாது? அண்ணனுக்குப் பள்ளிக்கூடம், எனக்குப் பாத்திரம். அப்பா போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை.

நேரத்தையும் அளக்க இவள் ஒரு வழி கண்டிருக்கிறாள். கெட்டிக்காரி.

மார்ச் 9
அந்த வழியில் ஓட்டை. கணக்கில் ஆற்றல் கூட்டலாக வரும் மேல் பாதி, கழித்தலாக வரும் கீழ்ப் பாதி என்று இரண்டு உண்டாம். நிஜத் துகளுக்கு மேல் பாதி மட்டும்தானாம். கீழ்ப் பாதியை வெட்டினால், பளிச்சென்று கிடைத்த நேரம் கலங்கிப் போகிறதாம். அதற்கு அந்தச் சென்ட் பாட்டில் சொல்கிறான்: "ஓட்டையப் பத்தி எழுதின பக்கத்தத் தூக்கிடும்மா. யாரு பாக்கப் போறா? பட்டத்த வாங்கிட்டு அரிச்சந்திரன் வேஷம் போட்டுக்கோ."

இவளும் சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள்!

"அவர் கையெழுத்து இல்லாம பட்டம் இல்ல பாட்டி. என்ன பண்ணச் சொல்றே?"

அவன் பிறவி அப்படி. இவளுக்கு என்ன கேடு? நான் சோறு ஊட்டிய வாய் அது. இனி இவளோடு பேச்சில்லை.

மார்ச் 10
பேசவில்லை.

மார்ச் 12
"நாளைக்கு எல்லார் முன்னாடியும் என் ஆராய்ச்சியப் படிக்கணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். படியேன், எனக்கென்ன வந்தது? கரியே இல்லாத பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13
சாயங்காலம் அவன் போனில் கத்தினான். அடுத்த அறைவரை கேட்டது. "ஓட்டைய நீயே எழுந்து சொல்லுவியா? என் மானத்த வாங்கிட்டியேம்மா! இனி வேற ஆளப் பாத்துக்கோ!"

"பாத்துக்கறேன் சார்" என்றாள். அவ்வளவுதான்.

பட்டம் இன்னும் எத்தனை வருஷம் தள்ளிப் போகுமோ. படுபாவி.

மார்ச் 14
ஈரத் துண்டை மெத்தைமேல் போட்டிருந்தாள். "எருமைக்கு மெத்தை ஒண்ணுதான் குறைச்சல்!" என்று கத்தினேன்.

"அப்பாடா, வாயத் திறந்தியே" என்று சிரிக்கிறாள்.

துண்டை நானே எடுத்துக் காயப் போட்டேன்.