பிய்த்த பூ

1 ஒக்டோபர் 2006, ஞாயிறு, வெஸ்ட்லி

சரஸ்வதி பூசைக்குப் பூப் போதவில்லை. இந்த வெளிநாட்டுக் குளிரில் எங்கே போவது? பல்கனிச் சட்டியில் பூத்திருந்த குட்டி வெள்ளைப் பூக்களின் இதழ்களைப் பிய்த்து அர்ச்சனைத் தட்டை நிரப்பினேன்.

“பிய்ச்ச பூவைச் சாமிக்குப் போடக்கூடாதப்பா” என்று இவர் முகத்தைச் சுளித்தார்.

பூசைக்கு வந்த மேல்மாடி வாசுகி தாவரவியல் படிப்பவள். பிய்க்காத பூவொன்றைத் திருப்பி, அடியிலுள்ள பச்சைச் செதில்களின் கூர்நுனிகள் வெளியே வளைந்திருப்பதைப் பார்த்தாள். “அமெரிக்கப் புல்வெளி அஸ்டர், அக்கா.” பிறகு தட்டிலிருந்த ஓர் இதழைத் தன் கைலென்ஸின் கீழ் வைத்தாள். “இஞ்சை பாருங்கோ. இது இதழில்லை, ஒரு முழுப் பூ. நாங்கள் ஒரு பூவெண்டு நினைக்கிறது கன பூக்கள் சேர்ந்த கொத்து.”

அடியில் ஊசிமுனையளவு விதைப்பை. மேலே இரண்டாகப் பிரிந்த மெல்லிய நூலாகச் சூல்முடி. இவர் லென்ஸை விட்டு எழும்பவே இல்லை. பிறகு தானே தட்டை வாங்கி, ஒவ்வொரு நாமத்துக்கும் ஒரு பூவாகப் போட்டார்.

என் சேலையில் ஒன்று ஒட்டியிருக்கிறது. தட்டிவிடக் கை வரவில்லை.