கை நனைக்காமல் போனார்

செவ்வாய், இரவு.

எனக்குப் பார்த்திருக்கும் கயல்விழியின் அப்பா இன்று மணமேல்குடியிலிருந்து எங்கள் வீடு பார்க்க வந்தார். சம்மதம் என்றால்தான் கை நனைப்பார். அம்மா இலை போட்டுக் காத்திருந்தாள்.

"ஆராய்ச்சின்னா என்ன மாப்ள பண்ணுவீங்க?"

புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளின் சுழற்சியைக் கூட்டினால் புரோட்டானின் மொத்தச் சுழற்சி வரவில்லை, மீதி எங்கே என்று எலக்ட்ரானை மோதவிட்டுப் பார்க்க வேண்டும் என்றேன்.

"பாத்தாச்சா?"

"அதுக்கு வேண்டிய மெஷினையே இனிமேதான் கட்டணும். வருசக்கணக்கா ஆகும்."

அம்மா முறைத்தாள். வேறென்ன சொல்வது, பொய்யா?

அவர் இலையைப் பார்த்தார். எழுந்துவிட்டார்.

"கட்டி முடிச்சதும் சொல்லுங்க தம்பி, சாப்பிட வாரேன்."

மாப்பிள்ளை அதற்குள் தம்பியாகிவிட்டேன்.

கேட்டதற்கெல்லாம் உள்ளதைத்தான் சொன்னேன். கயலை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.