பூத்த பிறகு வந்த மழை

என் அருமை அண்ணாவுக்கு,

நீ கடைசியாக விதைத்த மக்காச்சோளத்தைப் போன வாரம் வெட்டிவிட்டோம். இதை உன்னிடம் யார் சொல்வது என்று எனக்கும் அண்ணிக்கும் சின்னத் தகராறே நடந்தது. அழாமல் சொல்லக்கூடியவள் நான்தானாம். அண்ணிக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்?

ஹெப்பாள் கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் யூனிபாரத்தோடு அந்தக் குத்தகை நிலத்துக்கு ஓடுவாயே, கம்பெனி பஸ்ஸில் உன்னைப் பெரிய பண்ணையார் போல 'கௌடரே' என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வார்களே. நீ போனபோது பயிர் முழங்கால் உயரம்தான் இருந்தது. அப்புறம் நாங்கள் இருவரும்தான் களை எடுத்தோம்.

பூ எடுக்கும் சமயத்தில் மழை ஏமாற்றிவிட்டது. வெயில் ஏறினால் இலையெல்லாம் சுருண்டுகொள்ளும், சாயங்காலம் விரியும். பிறகு சாயங்காலத்திலும் விரியவில்லை. உச்சியில் இருந்த பூ தன் பாட்டுக்கு மலர்ந்து, மகரந்தத் தூளைக் காற்றில் கொட்டித் தீர்த்துவிட்டது. கதிரின் நூலோ தண்ணீர் இல்லாமல் தோலுக்குள்ளேயே தங்கிவிட்டது. அது வெளியே வந்தபோது, ஒட்டிக்கொண்டு மணி பிடிக்கத் தூள் இல்லை.

அதன் பிறகு மழை வந்தது அண்ணா. நன்றாகவே வந்தது. பயிர் பச்சைப் பசேலென்று நிமிர்ந்ததைப் பார்த்து, "தப்பிச்சிருச்சு அண்ணி" என்று நான் துள்ளினேன். ஆஸ்பத்திரியில் நீ எழுந்து உட்கார்ந்து காபி கேட்ட அன்றும் இதையேதான் சொன்னேன். உன்னைக் கொண்டுவந்ததே தாமதம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் உன் முகம் தெளிந்ததும் நம்பிவிட்டேன். நம்பாமல் எப்படி இருப்பது?

மாடு வைத்திருக்கும் சிவண்ணா வந்து பார்த்தார். இலை காய்வதற்குள் வெட்டினால் தீவனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், காத்திருந்தால் மணியும் கிடைக்காது, தட்டையும் உதவாது என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி அசையவில்லை.

"உங்கண்ணன் கை பட்ட பயிரு அம்மிணி. நான் எப்படி அருவாளை வெக்கறது?"

"உலுக்கிப் பாத்துரலாம் அண்ணி."

நீ வருஷா வருஷம் செய்வாயே, அதேதான். ஒரு கதிரின் தோலை நூல் அறாமல் உரித்து, தலைகீழாகப் பிடித்து உலுக்குவாய். மணி பிடித்த இடத்தில் நூல் உதிர்ந்துவிடும், பிடிக்காத இடத்தில் ஒட்டிக்கொண்டே நிற்கும். உலுக்கும் முன் என்னிடம் பந்தயம் வேறு கட்டுவாய்.

அண்ணி உரித்து உலுக்கினார். ஒரு சின்னக் கொத்து உதிர்ந்தது, மிச்சமெல்லாம் அப்படியே தொங்கியது. வேறு கதிரைப் பறித்தார். அதுவும் அப்படித்தான். அதை விடாமல் உலுக்கிக்கொண்டே இருந்தார். நான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

"உங்கண்ணன் இருந்திருந்தா மொதல்லயே வெட்டியிருப்பாரு" என்றார். சிவண்ணா ஆட்களோடு வந்தபோது அண்ணியே முதலில் அரிவாளை வைத்தார். எனக்குத்தான் பார்க்க முடியவில்லை, ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

எல்லாம் வண்டியில் போய்விட்டது. கடைசியாக உலுக்கிய அந்தக் கதிரை மட்டும் அண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்து உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். காய்ந்து போய்விட்டது. நூல் இன்னும் உதிரவில்லை.

குத்தகையை விடப் போவதில்லை அண்ணா. அடுத்த வருஷமும் விதைப்போம். பூ எடுக்கும் நேரத்தில் மழை கைவிட்டால், பக்கத்து நிலத்து போர்வெல்காரரிடம் கெஞ்சியாவது ஒரு தண்ணீர் கட்டுவேன். உனக்கு எல்லாமே தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. உன் நிலத்துப் பயிருக்கு அப்படி ஆக விடமாட்டேன்.

பந்தயத்தில் உன்னிடம் தோற்றே பழகிய
உன் தங்கை