முத்துப்பிரியா கேட்ட கேள்வி

அன்புள்ள சூர்யகலா அக்காவுக்கு,

ராசிங்காபுரத்திலிருந்து பவதாரணி எழுதுகிறேன். நீ நல்லபடியாகப் பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டதாக அம்மா சொன்னாள். அம்மாவுக்கு விரல் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. நீ வாங்கிக் கொடுத்த தைலத்தை நான்தான் தேய்த்துவிடுகிறேன். இந்த விஷயத்தை வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுவேன், அதனால் கடிதம்.

மலையில் இன்னும் கோடை மழை பிடிக்கவில்லை. ஏலச்செடிகள் வாடி நிற்கின்றன. வேலைக்குப் போகும் ஜீப்பில் தினமும் உன் பேச்சுதான். நேற்று மகாராணி அத்தை, "ஒங்க அக்கா கெழவியாகாம இருக்க மருந்து கண்டுபிடிக்கிறாளாம்ல? மொத டப்பாவ எனக்கு அனுப்பச் சொல்லுடி, போடிமெட்டு ஏறி முடிக்கிறதுக்குள்ள கொமரியாகிப்புடுறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நீ தேடுவது மருந்து இல்லை என்று எனக்குத் தெரியும். ஒருவகைக் கிருமியின் விஷம் செல்லுக்குள் போய் மரபு இழையை அறுத்துவிடும். சில செல்கள் சாகவும் சாகாமல், பெருகவும் பெருகாமல், அப்படியே கிழடாகி உட்கார்ந்துவிடும். பக்கத்துச் செல்களையும் கிழடாக்கும். உடம்பின் காவல் செல்கள் வந்து அவற்றை அகற்ற வேண்டும். இந்த முறை ஊருக்கு வந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் படம் போட்டுச் சொன்னது எல்லாம் எனக்குள் இருக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். நான் ஒன்பதாவதோடு நின்ற அதே பள்ளிக்கூடம். வேலைக்குப் போகாமல் வந்து, கடைசி பெஞ்சில், என்னோடு ஒன்பதாவது வரை படித்த முத்துப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு முடிந்ததும் யாராவது கேள்வி கேளுங்கள் என்றாய். யாரும் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முத்துப்பிரியா எழுந்தாள். "கட்டே நோய் வந்த ஏலச்செடிய ஒடனே பிடுங்கலன்னா பக்கத்துத் தூருக்கெல்லாம் பரவிரும். பிடுங்க வர்ற ஆளுக்கே வயசாகி கண்ணு மங்கிட்டா? அது மாதிரி காவல் செல்லுக்கும் வயசாகுமாக்கா?" என்றாள். நீ மேடையிலிருந்து இறங்கியே வந்துவிட்டாய். "இதத்தான்மா நாங்க ரெண்டு வருசமா தேடிக்கிட்டு இருக்கோம்" என்று அவள் தோளில் கை போட்டாய். கோடை லீவில் பதினைந்து நாள் உன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வரச் சொன்னாய்.

அக்கா, அவள் அப்பா போடியில் செல்போன் கடை வைத்திருக்கிறார். அவள் ஏலத்தோட்டத்துக்குள் கால் வைத்ததே இல்லை. கட்டே பிடித்த செடியைப் பற்றி அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? அந்தக் கேள்வியை நான்தான் அவள் காதில் சொன்னேன். எங்கள் கங்காணி சுருளி மாமாவுக்குக் கண்ணில் புரை. போன வருஷம் ஒரே ஒரு தூரைக் கவனிக்காமல் விட்டார், இப்போது ஒரு வரிசையே போய்விட்டது. அந்த இலையில் வெளுத்த கோடு ஓடியதை அன்றைக்கே நான் பார்த்தேன். சொல்லக் கூச்சப்பட்டுச் சும்மா இருந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா உன்னிடம், "நம்ம பவாவையும் கூட்டிட்டுப் போயேன்" என்றாள். "அவளா? ஆளப் பாத்தாலே கதவுக்குப் பின்னால போயிருவா. அவளுக்கு ஒத்து வராதும்மா" என்றாய். நான் அப்போது கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன்.

அதிலிருந்து முத்துப்பிரியாவைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. அவள் புதுப் பை வாங்கியதற்கும் எரிகிறது. நீ அவளுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜை எனக்குப் போட்டுக் காட்டினாள். என்னிடம் பேசும்போது உனக்கு அவ்வளவு சிரிப்பு வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வந்தாள். "ஏய் பவா, அக்கா அங்க எதாச்சும் கேட்டா நான் திருதிருன்னு முழிப்பேன்டி. நீதான் வெளங்கிக்கிட்டவ. இன்னொருக்கா சொல்லு, எழுதிக்கிறேன்" என்றாள். சொன்னேன். விஷம் பட்டதும் எல்லாச் செல்லும் உடனே செத்துவிடும், காவல் செல்களுக்கு வயதே ஆகாது என்று நிதானமாக, தப்புத் தப்பாகச் சொன்னேன். அவள் எழுதி, சிவப்பு மையில் கோடும் போட்டுக்கொண்டாள். போகும்போது, "ஒனக்குப் பெங்களூர்ல இருந்து என்னடி வேணும்?" என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

மறுநாள் உண்மையைச் சொல்ல அவர்கள் கடை வரைக்கும் போனேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். திரும்பிவிட்டேன்.

வியாழக்கிழமை பஸ் ஏறுகிறாள். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். உன் கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் அவளை எதுவும் சொல்லச் சொல்லாதே. நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு நீயே முதலிலிருந்து சொல்லிக் கொடு. தப்பு அவளுடையது இல்லை. அவளைத் திருப்பி அனுப்பிவிடவும் வேண்டாம். எழுந்து நின்று கேட்டவள் அவள்தான்.

அவள் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் போன் போடு. அம்மாவிடம் கேட்காமல் என்னிடமே கேள், வருகிறாயா என்று. நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். போனை வைத்துவிடாதே அக்கா.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் வேலை நல்லபடியாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் தங்கை
பவதாரணி